பென் டிரைவில் இருந்த துப்பட்டா

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று அபிராமபுரத்தில் எங்கள் அபார்ட்மென்ட்டில் யாருக்கும் சரியாகத் தெரியாது. கம்ப்யூட்டர் என்று வாயைத் திறந்தால் போதும், உடனே வைஃபையைச் சரிபண்ணக் கூப்பிட்டுவிடுவார்கள். அதனால் நானும் சொல்வதில்லை. உண்மையில் என் வேலை கோப்புகளைப் படிப்பது. படித்தால் புரிகிற கோப்புகள் இல்லை. திறந்தால் கட்டமும் கேள்விக்குறியுமாகக் கண்ணைக் குத்துமே, அந்த ஜாதி. பைனரி கோப்பு என்பார்கள். உள்ளே இருப்பதெல்லாம் வெறும் எண்கள். ஒவ்வொரு எண்ணும் ஒரு பைட். எந்த பைட் எதைச் சொல்கிறது என்று கண்டுபிடித்து, அதைப் படிக்க ஒரு நிரல், அதே மாதிரி திரும்ப எழுத ஒரு நிரல். இதற்குச் சம்பளமும் கொடுக்கிறார்கள், ஆண்டவன் புண்ணியம்.

இந்த வேலையை நான் கற்றுக்கொண்டது கல்லூரியிலும் இல்லை, ஆபீஸிலும் இல்லை. தி.நகரில் ஒரு சந்துக்குள் இருக்கும் கம்ப்யூட்டர் எம்பிராய்டரி கடையில்.

அப்போது நான் வேலையை விட்டிருந்தேன். குழந்தை பிறந்ததும் கொஞ்ச நாளைக்கு என்று விட்டது, வருஷக்கணக்கில் நீண்டுவிட்டது. குழந்தையை தி.நகரில் ஒரு பள்ளியில் எல்.கே.ஜி. சேர்த்திருந்தோம். காலையில் கொண்டுபோய் விட்டு மதியம் கூட்டிவர வேண்டும். நடுவில் வீட்டுக்குப் போய்த் திரும்பினால் பஸ்ஸிலேயே பொழுது கழிந்துவிடும். ஒருநாள் பிளவுஸுக்கு எம்பிராய்டரி போடக் கொடுக்கப் போன இடத்தில் மழை பிடித்துக்கொண்டது. விடுகிறவரை உட்கார்ந்துகொள்ளட்டுமா என்று கேட்டேன். கடைக்கார அம்மாள் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். மழை அரைமணியில் விட்டுவிட்டது. நான் இரண்டு வருஷம் உட்கார்ந்திருந்தேன்.

அவரை அந்தச் சந்தில் எல்லோரும் ஆபா என்றே கூப்பிடுவார்கள். அவர்கள் வீட்டில் பேசும் உருதுவில் அக்கா என்று அர்த்தம். கணவர் காலமான பிறகு கடையைத் தனியாக நடத்தி, ஒரே மகளை வளர்த்துக்கொண்டிருந்தார். கோபக்காரி. ஒரு தையல் பிசகினாலும் துணியை மெஷின் ஓட்டும் ஆபரேட்டர் மூஞ்சியில் வீசாத குறையாகத் திருப்பிக் கொடுப்பார். ஆனால் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு தினமும் வந்து உட்கார்ந்த என்னை ஒருநாளும் ஏன் என்று கேட்டதில்லை. வீட்டில் பிரச்னையா, வேலை ஏன் போச்சு, புருஷன் என்ன சொல்கிறார், எதுவும் கிடையாது. பதினொரு மணிக்கு டீ வரும். எனக்கும் ஒரு கிளாஸ் சேர்த்து வரும். அந்த மாதிரி கேள்வி கேட்காமல் ஒருவருக்கு இடம் கொடுப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்கு அப்போது தெரியவில்லை. இப்போது தெரிகிறது.

கடையில் பஞ்சிங் வேலை முழுக்க ஆபாதான். டிசைனை வரைந்தால் மட்டும் போதாது. ஊசி முதலில் எங்கே குத்த வேண்டும், அடுத்து எந்தப் பக்கம் எவ்வளவு நகர வேண்டும், எங்கே நூலை வெட்ட வேண்டும், எங்கே நிறம் மாற வேண்டும் என்று ஒவ்வொரு தையலாக மெஷினுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அதற்குத்தான் பஞ்சிங் என்று பெயர். கடை மூலையில் ஒரு அரதப் பழசான கம்ப்யூட்டர் இருந்தது. அதில் உட்கார்ந்து ஆபா மௌஸால் புள்ளி புள்ளியாக வைத்துக்கொண்டே போவார். முடித்ததும் அதை மெஷினுக்குப் புரிகிற கோப்பாக மாற்றி ஏற்றிவிடுவார்.

நான் அந்த நாட்களில் ஃபங்ஷனல் ப்ரோகிராமிங் மொழி ஒன்றை நானாகவே படித்துக்கொண்டிருந்தேன். அதைப் படித்து என்ன வேலை கிடைக்கும் என்று கேட்காதவர்கள் இல்லை. எனக்கு அதன் கறார் பிடித்திருந்தது. ஒரு மதிப்பை உண்டாக்கினால் உண்டாக்கியதுதான், அப்புறம் யாரும் கை வைத்து மாற்ற முடியாது. ஒரு கோப்பைப் படிக்க வேண்டுமென்றால், ஒரு பைட் படிக்கும் சின்ன துண்டு, இரண்டு பைட் படிக்கும் துண்டு, இவற்றைக் கோத்து ஒரு தையல், தையல்களைக் கோத்து ஒரு டிசைன் என்று கட்டிக்கொண்டு போகலாம். இதைவிட அழகு, ஒரே விவரிப்பை வைத்துக்கொண்டு படிக்கவும் செய்யலாம், எழுதவும் செய்யலாம். படித்ததைத் திரும்ப எழுதினால் ஒரு பைட் பிசகாமல் பழைய கோப்பே வர வேண்டும். வந்தால் சரி, வராவிட்டால் தப்பு. நடுவில் சமாதானமே கிடையாது.

பழகிப் பார்க்க ஏதாவது கோப்பு வேண்டுமே என்று ஆபாவிடம் ஒரு மாங்காய் டிசைனைக் கேட்டேன். கொடுத்தார். படித்துத் திரையில் வரைந்து பார்த்தால் மாங்காய் வரவில்லை. கோடு வலது பக்கமாகவே ஓடிக்கொண்டிருந்தது. ஊசி இடது பக்கம் நகர்வதை அந்தக் கோப்பு மைனஸ் எண்ணாக வைத்திருந்தது. நான் அதைப் பெரிய ப்ளஸ் எண் என்று நினைத்துவிட்டேன். பின்னால் எட்டிப் பார்த்த ஆபா, “இன்னாமா இது, மாங்காயக் கேட்டு வாங்கிட்டுப் போயி மவுண்ட் ரோடு போட்டு வெச்சிருக்க” என்றார். ஆபரேட்டர் மெஷினை நிறுத்திவிட்டு வந்து சிரித்தார். மறுநாள் மாங்காய் வந்தது. அந்த வருஷக் கடைசியில் வேளச்சேரியில் ஒரு கம்பெனியில் இன்டர்வியூ. என்ன செய்திருக்கிறீர்கள் என்று கேட்டார்கள். லேப்டாப்பைத் திறந்து மாங்காயைக் காட்டினேன். வேலை கிடைத்துவிட்டது.

அதற்கப்புறம் மந்தைவெளியில் ரயில் ஏறி வேளச்சேரியில் இறங்குவதே என் வாழ்க்கை ஆகிவிட்டது. எப்போதாவது கடைக்குப் போவேன். ஆபாவின் மகள் வளர்ந்து, படித்து முடித்து, கடைக் கணக்கையும் வாடிக்கையாளர்களையும் பார்த்துக்கொள்ள ஆரம்பித்திருந்தாள். பஞ்சிங் மட்டும் அம்மாவுடையது. மகளுக்கு நிக்காஹ் பேசி முடித்ததும் ஆபா எனக்கு ஃபோன் செய்தார். துப்பட்டாவுக்கு நானே ஒரு கொடி போடுகிறேன், இதுவரைக்கும் யாருக்கும் போடாத டிசைன் என்றார். மகளைக்கூடப் பார்க்க விடவில்லையாம். அவள் பக்கத்தில் வந்தால் திரையை அணைத்துவிடுவாராம்.

கொஞ்ச நாளில் ஒரு காலை, வீட்டில் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது ஆபாவுக்குப் பக்கவாதம் வந்துவிட்டது.

உயிர் பிழைத்தார். அதுவே பெரிய விஷயம் என்று டாக்டர்கள் சொன்னார்கள். ஆனால் வலது கை விழுந்துவிட்டது. பேச்சு போய்விட்டது. நான் தேனாம்பேட்டையில் அவர்கள் வீட்டுக்குப் போனபோது கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் கண்ணில் தெரிந்துவிட்டது, அடையாளம் எல்லாம் நன்றாகவே தெரிகிறது. வார்த்தைதான் வரவில்லை. வாயைத் திறப்பார், ஏதோ ஒரு சத்தம் வரும், அது தான் நினைத்த சத்தம் இல்லை என்று அவருக்கே தெரிந்து கோபம் வரும். அந்தக் கோபத்தைப் பார்த்து எனக்கு ஒரு பக்கம் அழுகை, இன்னொரு பக்கம் ஆறுதல். ஆபா உள்ளே அப்படியே இருக்கிறார்.

அந்த மழைக்காலத்தில் கடைக்குள் தண்ணீர் வந்தது. மெஷினை மேடையில் வைத்திருந்ததால் தப்பித்தது. தரையில் இருந்த பஞ்சிங் கம்ப்யூட்டர் ஒரேயடியாகப் போய்விட்டது.

அதற்குப் பிறகுதான் மகள் எனக்கு ஃபோன் செய்தாள். நிக்காஹ் தேதியைத் தள்ளிப் போட்டிருந்தார்கள், இனி தள்ள முடியாது. ஆபாவுக்கு ஒரு பழக்கம் இருந்தது. தினமும் கடையைச் சாத்துமுன் பஞ்சிங் கம்ப்யூட்டரில் இருப்பதையெல்லாம் ஒரு பென் டிரைவில் ஏற்றி, அதைக் கடைச் சாவிக்கொத்திலேயே மாட்டிக்கொள்வார். அந்தப் பென் டிரைவ் மகளிடம் இருந்தது. அதில் அவளுடைய துப்பட்டா கோப்பும் இருந்தது. ஆனால் அது மெஷினுக்கு மாற்றாத கோப்பு. அந்தப் பழைய கம்ப்யூட்டருக்கு மட்டும் புரிகிற சொந்த வடிவம். அந்தக் கம்ப்யூட்டரை விற்ற கம்பெனி எப்போதோ மூடிவிட்டது. கடை கடையாக ஏறி இறங்கியிருக்கிறாள், எந்த சாஃப்ட்வேரும் திறக்கவில்லை.

“அம்மா எனக்காகப் போட்டது அது ஒண்ணுதான் ஆன்ட்டி. இனிமே அவங்களால போட முடியுமான்னு தெரியல. அதைத் தலையில போட்டுக்கிட்டுத்தான் நான் உட்காரணும்” என்றாள்.

இதற்கு மேல் என்ன கேட்க இருக்கிறது? பென் டிரைவை வாங்கிக்கொண்டேன்.

வேலை நான் பயந்த அளவுக்குக் கஷ்டமாக இல்லை. காரணம் ஆபாவின் ஒழுங்கு. முடித்த டிசைன்கள் எல்லாவற்றுக்கும் பழைய கோப்பும் இருந்தது, மெஷினுக்கு மாற்றிய கோப்பும் இருந்தது. மெஷின் வடிவம் எனக்கு அந்த மாங்காய்க் காலத்திலிருந்தே அத்துப்படி. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இங்கே நூல் வெட்டு இருக்கிறதா, அங்கே எந்த பைட், இங்கே நிறம் மாறுகிறதா, அங்கே என்ன என்று ஒவ்வொன்றாகப் பிடிபட்டது. ரயிலில் ஜன்னலோரம் கிடைத்தால் லேப்டாப்பைத் திறந்துவிடுவேன். கோப்பின் தலையில் டிசைன் பெயர், அடுத்து மொத்தம் எத்தனை தையல் என்ற எண்ணிக்கை. அதற்குப் பிறகு வரிசையாகத் தையல்கள். கடைசியில் ஒரு முடிவுக்குறி. அவ்வளவுதான் கோப்பு. எல்லாவற்றையும் அந்த மொழியில் சின்னச் சின்னத் துண்டுகளாக எழுதிக் கோத்தேன். பென் டிரைவில் இருந்த டிசைன்களை ஒன்றன்பின் ஒன்றாகப் படித்தேன், திரும்ப எழுதினேன். ஒரு பைட் பிசகவில்லை. சந்தோஷத்தில் திருவான்மியூர் தாண்டியதுகூடத் தெரியவில்லை.

கடைசியாகத் துப்பட்டா கோப்பைக் கொடுத்தேன். நிரல் ஒரே வரியில் பதில் சொன்னது. முடிவுக்குறியை எதிர்பார்த்தேன், அதற்குள் கோப்பு தீர்ந்துவிட்டது என்று.

அவ்வளவுதான். ஒரு தையல்கூடத் தரவில்லை. அந்த மொழியின் குணம் அது, அல்லது அந்த மொழியில் எழுதுகிற எங்களைப் போன்றவர்களின் குணம். கொடுத்தால் முழுசாகக் கொடுப்போம், இல்லையென்றால் கையை விரித்துவிடுவோம். நானே ஆபீஸில் புதிதாக வருகிறவர்களிடம் இதைப் பெருமையாகச் சொல்வேன், பாதிப் பதில் தருகிற நிரல் ஆபத்தானது என்று. தலையில் பார்த்தேன், தையல் எண்ணிக்கை பூஜ்யம் என்றிருந்தது. வாலில் முடிவுக்குறி இல்லை. கோப்பு கெட்டுப்போய்விட்டது என்று முடிவு கட்டினேன். அவசரத்தில் பென் டிரைவை நடுவில் பிடுங்கியிருப்பார், பாதிதான் ஏறியிருக்கும். யார் வேண்டுமானாலும் அப்படித்தான் நினைப்பார்கள்.

சனிக்கிழமை தேனாம்பேட்டைக்குப் போனேன். மகளிடம் எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன், கடைசியில் போட்டு உடைத்துவிட்டேன். கோப்பு கெட்டுவிட்டது, இருந்தது பாதிதான், அதையும் எடுக்க முடியவில்லை. அவள் அழவில்லை. பரவாயில்லை ஆன்ட்டி, இவ்வளவு நாள் மெனக்கெட்டீங்களே என்றாள். பாண்டி பஜாரில் ரெடிமேட் துப்பட்டா நல்லதாகவே கிடைக்கிறது, அதை வாங்கிக்கொள்கிறேன் என்று அவளே எனக்குச் சமாதானம் சொன்னாள்.

ஆபா கட்டிலிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். இடது கையால் கட்டில் சட்டத்தைத் தட்டினார். திரும்பத் திரும்பத் தட்டினார். வாயில் ஏதோ வந்தது, வார்த்தையாகவில்லை. துப்பட்டா என்ற பேச்சை எடுத்தாலே இப்படித்தான் என்றாள் மகள். டிசைன் ரெடியாக இருக்கிறது, எடுத்துவிடலாம் என்று சொன்ன நாளிலிருந்தே கோபப்படுகிறாராம். துக்கத்தில் செய்கிறார் என்று இருவரும் நினைத்துக்கொண்டோம். நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, வருத்தப்படாதீங்க ஆபா என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார் பாருங்கள், தையல் பிசகினால் ஆபரேட்டரைப் பார்ப்பாரே, அந்தப் பழைய பார்வை. கையை உதறிவிட்டார்.

திங்கட்கிழமை ரயிலில் உட்கார இடமில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். லேப்டாப் இல்லாத நேரத்தில்தான் எனக்கு மூளை வேலை செய்யும் போலிருக்கிறது. அந்தப் பூஜ்யம் உறுத்திக்கொண்டே இருந்தது. பாதியில் அறுந்த கோப்பு என்றால் வால்தானே போக வேண்டும்? தலை முதலிலேயே ஏறியிருக்குமே. தலையில் சரியான எண்ணிக்கை இருக்க வேண்டுமே. அது ஏன் பூஜ்யம்? இன்னொன்று, நடுவில் அறுந்திருந்தால் கடைசித் தையலும் பாதியில் அறுந்திருக்கும். அது முழுசாக இருந்ததே.

அப்படியென்றால் அந்தக் கம்ப்யூட்டருக்கே எண்ணிக்கை தெரியாது. எண்ணிக்கையை எழுதுவதும், முடிவுக்குறியைப் போடுவதும், டிசைனை முடித்துவிட்டேன் என்று பட்டனை அழுத்தும்போதுதான் நடக்கும். ஆபா அழுத்தவில்லை.

கோப்பு கெடவில்லை. ஆபா முடிக்கவில்லை.

திருவான்மியூரில் நின்ற ரயிலில், முன்பின் தெரியாத ஒரு பெண் உட்காருங்க மேடம் என்று எழுந்து இடம் கொடுத்தாள். என் முகம் அப்படி இருந்திருக்கிறது. உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தேன். மாற்ற வேண்டியது ரொம்பக் கொஞ்சம். டிசைன் என்றால் முடிந்த டிசைன் மட்டும்தான் என்று எழுதி வைத்திருந்தேன். முடிந்த டிசைன், அல்லது முடியாத டிசைன் என்று ஆக்கினேன். இரண்டுமே சரியான பதில்தான். முடிவுக்குறி வந்தால் முதலாவது, வராமலே தீர்ந்தால் இரண்டாவது, அதுவரை படித்த தையல்கள் எல்லாம் கைக்கு வரும். ஓட்டினேன்.

திரையில் கொடி ஓட ஆரம்பித்தது. ஒரு மூலையில் கிளம்பி, வளைந்து, இரண்டு பக்கமும் இலை விட்டுக்கொண்டு, நடுநடுவே மொட்டு வைத்துக்கொண்டு போனது. ஒவ்வொரு இலைக்கும் நரம்புகூடப் போட்டிருந்தார். அப்படியே போய் ஒரு இலையின் பாதியில் நின்றது.

ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டு, எதிர்ப்பக்கம் ரயில் பிடித்துத் திரும்பினேன். ஆபாவின் முன்னால் லேப்டாப்பை வைத்து ஓட்டிக் காட்டினேன். கொடி பாதி இலையில் நின்றது. “நீங்க முடிக்கவே இல்லையா ஆபா?” என்று கேட்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். ஆமாம் என்று தலையை ஆட்டினார். கண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. துக்கம் இல்லை அது, அப்பாடா என்பது. ரெடி, ரெடி என்று நாங்கள் சொன்ன ஒவ்வொரு தடவையும் இந்த மனுஷி இல்லை, இல்லை என்று தட்டியிருக்கிறார். பிறகு கண்ணைத் துடைத்துவிட்டு, இடது கை ஆள்காட்டி விரலைத் திரையில் அந்தப் பாதி இலைமேல் வைத்தார். அங்கேயிருந்து மேலே இழுத்தார். வெறும் திரையில், மூலைவரைக்கும், இல்லாத கொடியை விரலால் போட்டுக் காட்டினார். மகள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

அதற்கப்புறம் நான் செய்தது கோப்பைத் திரும்ப எழுதுகிற பக்கத்து வேலை. வீட்டில் குழந்தை படம் வரைகிற டேப்லெட் ஒன்று இருந்தது. அதில் விரல் வைக்கிற இடமெல்லாம் ஒரு தையல் ஆகும்படி செய்தேன். முந்தின புள்ளியிலிருந்து எந்தப் பக்கம் எவ்வளவு என்று கணக்குப் போட்டு, ஆபாவின் பழைய தையல்களுக்குப் பின்னாலேயே புதியதைச் சேர்க்கும். படிக்க எழுதிய விவரிப்பே இங்கேயும் வேலை செய்தது. அந்த மொழியை நான் அதற்கு முன்னாலும் நேசித்திருக்கிறேன், ஆனால் இப்படிக் கும்பிடத் தோன்றியதில்லை. ஆபா தினமும் மாலை கொஞ்ச நேரம் உட்கார்ந்தார். இரண்டு இலை போடுவார், களைத்துவிடுவார். நன்றாக வரவில்லை என்றால் அழிக்கச் சொல்லி உள்ளங்கையால் தட்டுவார். பிசியோதெரபிக்காரர் சொன்னால் நிமிர்ந்து உட்காராதவர் இதற்கு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

கடைசிப் பகுதி வந்தபோது சண்டை மூண்டது. இடது கை போட்ட கொடி நடுங்கியது. நேராகப் போக வேண்டிய தண்டு சற்றே நெளிந்தது. இலைகள் ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக இருந்தன. நடுக்கத்தை நீக்கி நேராக்கும் ஒரு சின்ன ஃபங்ஷன் நான் எழுதி வைத்திருந்தேன். நடுவில் அதைச் செருகினால் கொடி சீராகிவிடும், எடுத்தால் பழையபடி. இரண்டையும் போட்டுக் காட்டினேன். ஆபா சீரானதைக் காட்டி, அதுதான் என்று விரலால் தட்டினார். ஒரு தையல் பிசகினால் துணியைத் திருப்பிக் கொடுத்தவர், வேறு என்ன செய்வார்? மகள் மற்றதுதான் வேண்டும் என்றாள். ஆபாவின் முகம் சிவந்துவிட்டது. நாலு பேர் பார்க்கிற இடத்தில் இந்தக் கோணல் எதற்கு என்று அவர் முகமே கேட்டது. நான் யார் பக்கமும் பேசவில்லை. போட்டது அவர், போட்டுக்கொள்ளப்போவது அவள்.

மகள் கட்டிலோரம் மண்டியிட்டு உட்கார்ந்தாள். என்னிடம் தமிழில் பேசுகிறவள், அம்மாவிடம் உருதுவில்தான் பேசுவாள். அன்றைக்கு எனக்கும் புரிய வேண்டும் என்றோ என்னவோ, தமிழிலேயே சொன்னாள்.

“முந்தி போட்டதும் உங்க கை, இப்ப போட்டதும் உங்க கை. எனக்கு ரெண்டு கையும் வேணும்மா.”

ஆபா சீரான கொடியைக் கையால் ஒதுக்கிவிட்டு, டேப்லெட்டைத் தன் பக்கம் இழுத்தார். கடைசியில் மூலைப் பூ ஒன்று பாக்கி இருந்தது. அதை அழித்து அழித்துப் போட்டார். இருட்டுமுன் ஒரு பூ தனக்குத் திருப்தியாக வந்ததும் என்னைப் பார்த்தார். முடித்துவிட்டேன் என்று அழுத்த ஒரு பட்டன் வைத்திருந்தேன். அதைக் காட்டினேன். அழுத்தினார். நிரல் எண்ணிக்கையைத் தலையில் எழுதி, வாலில் முடிவுக்குறியைப் போட்டது. நான் அந்தக் கோப்பைப் படித்துப் பார்த்தேன். முடிந்த டிசைன் என்று வந்தது. நானும் கொஞ்சம் அழுதேன், சொல்வதில் வெட்கமில்லை.

கோப்பை மெஷின் வடிவத்துக்கு மாற்றி, கடையில் துப்பட்டாவைப் பிரேமில் பூட்டிய அன்று ஆபாவைச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்து மெஷின் முன்னால் உட்கார வைத்தோம். கருஞ்சிவப்பு ஜார்ஜெட் துணி, ஜரி நூல். ஆபரேட்டருக்கு நாங்கள் எதுவும் சொல்லியிருக்கவில்லை. சீராக ஓடிக்கொண்டிருந்த கொடி பாதி இலைக்கு அப்புறம் நெளிய ஆரம்பித்ததும் அவர் கை தானாக ஸ்டாப் பட்டனுக்குப் போனது. “இன்னாக்கா, லைன் ஆடிக்கினே போவுது, நிறுத்தவா?” என்று என்னைப் பார்த்தார். நான் பதில் சொல்வதற்குள் ஆபா இடது கையைத் தூக்கி, போகட்டும் என்று காட்டினார். ஆபரேட்டருக்கு அப்போதுதான் புரிந்திருக்க வேண்டும். கையைத் துடைத்துக்கொண்டு, துணி அசையாதபடி கடைசிவரை பிரேமைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

நிக்காஹ் ராயப்பேட்டையில் ஒரு சின்ன மண்டபத்தில் நடந்தது. பெண்கள் பக்கத்தில் நான் ஆபாவுக்கு அருகே உட்கார்ந்திருந்தேன். மகளை அழைத்து வந்தார்கள். துப்பட்டாவின் எந்தப் பக்கம் முன்னால் வர வேண்டும் என்பதை அவள் யாரிடமும் கேட்கவில்லை. இடது கை போட்ட பகுதியை நெற்றிக்கு மேலே வரும்படி வைத்து ஊசி குத்தியிருந்தாள். சீராக இருந்தது தோளுக்குப் பின்னால் போய்விட்டது. ஆபா அதைப் பார்த்தார். நான் ஆபாவைப் பார்த்தேன். எனக்கு ஒரு ஸ்டூல் போட்டவருக்கு நான் செய்தது எவ்வளவு கொஞ்சம், அதைச் செய்யவாவது எனக்கு ஒரு வேலை தெரிந்திருந்ததே என்று மனசு நிறைந்து நின்றது.

பேச்சு அவருக்கு அப்போதும் சரியாக வரவில்லை. உருதுவில் சில வார்த்தைகள் திரும்பியிருந்தன, தமிழில் அதைவிடக் குறைவு. அந்தச் சந்தில் நகைக்கடை வைத்திருக்கும் திருநெல்வேலிக்கார அம்மாள் வந்திருந்தார், பல வருஷ வாடிக்கையாளர். மணப்பெண்ணின் அருகே போய் வாழ்த்திவிட்டு, துப்பட்டாவின் ஓரத்தை விரலில் எடுத்துப் பார்த்தார். நெளிந்து நெளிந்து போகும் அந்தக் கொடியை உற்றுப் பார்த்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பி, “இது மெஷின் மாதிரி இல்லையே, யார் கை இது?” என்று கேட்டார்.

நான் சொல்வதற்கு வாயைத் திறந்தேன். மகளும் மேடையிலிருந்து திரும்பினாள்.

“என் கை” என்றார் ஆபா.